பதினோரு மரங்களுக்கு எந்தச் சீட்டு

மினாமிதே கினுயோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். முள்ளங்கி வாங்கப் போனால் எந்தக் கரை மண்ணில் விளைந்தது என்று கேட்பாள். இழவு வீட்டுக்குப் போனால் சவப்பெட்டிப் பலகை எந்த மலைத் தேவதாரு என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கஸுமா, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லுவார்: "ஏம்மா, முகம் கழுவுற தண்ணியக்கூட நீ எந்த ஓடைன்னு விசாரிச்சுட்டுத்தானே தொடுவே?" அதற்கும் அவளிடம் பதில் இருக்கும். மேல ஓடைத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதாம்.

இந்தப் பழக்கம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஹினோதானி ஊரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் காளான் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். உலர்ந்த காளான்களில் தடித்த குடை ஒரு கூடை, விரிந்த குடை ஒரு கூடை, உடைந்தது ஒரு கூடை. ஒரு கைப்பிடியை மோந்து பார்த்து, இது மலையடிக் காளான், இது ஆற்றங்கரைக் காளான் என்று சொல்லிவிடுவாள். பிறகு சங்கத்தை வேறொரு பெரிய சங்கத்தோடு சேர்த்தார்கள். கொட்டகையை மூடினார்கள். ஐம்பது வயதில் வீட்டில் உட்கார்ந்து, கணவரின் கடைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே விரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் விறகின் பக்கம் திரும்பியது. கடல் பொங்கி அணு உலை வெடித்த பிறகு, வெயில், காற்று, வெந்நீர் ஊற்று என்று எதிலிருந்தாவது மின்சாரம் எடுத்தாக வேண்டிய நிலை. மரத்தை எரித்து எடுக்கும் மின்சாரத்தை இருபது வருடத்துக்கு ஒரே நிலையான விலையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஹினோதானியில் பத்தில் ஒன்பது பங்கு மலைதான். போர் முடிந்த கையோடு ஊரே கூடி நட்ட தேவதாரு மரங்கள் வளர்ந்து நின்றன. ஆனால் வாங்க ஆளில்லை. நெருக்கம் குறைக்க வெட்டிய மரங்கள் சரிவிலேயே கிடந்து மக்கின. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மின்நிலையமும் உயரமான புகைபோக்கியும் வந்ததும், மக்கின கட்டைக்கும் மவுசு வந்துவிட்டது.

ஆனால் அரசாங்கம் எதையும் நேராகக் கொடுத்துவிடுமா? ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகச் சோறு போடுகிற வீட்டைப்போல, ஒரே மரத்துக்கு மூன்று விலை வைத்தது. காடு என்று பதிவான நிலத்தில் நெருக்கம் குறைக்க வெட்டினால் பச்சைச் சீட்டு, அதிக விலை. வீட்டு நிலத்து மரம், சாலையோர மரம், மரப்பட்டறைக் கழிவு எல்லாம் மஞ்சள் சீட்டு, நடு விலை. இடித்த வீட்டின் தூணும் உத்திரமும் சிவப்புச் சீட்டு, அடிமாட்டு விலை. நகர மண்டபத்தில் நடந்த பயிற்சியில் இதை விளக்கிய அதிகாரியிடம் கினுயோ கையைத் தூக்கினாள்.

"ஐயா, மூணும் ஒரே அடுப்புலதானே எரியுது? எது எதுன்னு நெருப்புக்குத் தெரியுமா?"

"நெருப்புக்குத் தெரியாதும்மா. அதுக்குத்தான் உங்கள வேலைக்கு வெச்சிருக்கோம்" என்றார் அவர். மண்டபம் சிரித்தது. கினுயோ சிரிக்கவில்லை. அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு யாராவது சம்பளம் தருவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஏழு வருடமாக மின்நிலையத்தின் மரக்கிடங்கில் அவள்தான் வரவு பார்ப்பவள். லாரி எடைமேடையில் ஏறியதும் தாள்களை வாங்கிப் படிப்பாள். பிறகு கட்டைகளின் அறுத்த முகத்தைத் தடவி, மோந்து, சில சமயம் நாக்கில் தொட்டும் பார்ப்பாள். காட்டு மரத்துக்கு வளையங்கள் நெருக்கமாக இருக்கும், பக்கத்து மரங்களோடு வெயிலுக்குப் போட்டி போட்டு வளர்ந்தது. வீட்டு மரம் தாராளமாக வளர்ந்திருக்கும், அடிக்கிளைக் கணுக்களும் நிறைய இருக்கும். சாலையோர மரத்தின் பட்டையில் உப்பு கரிக்கும், பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு அது. ஒருமுறை தேவதாருக் கட்டைகளின் நடுவே நுழைத்துக் கொண்டுவந்த சாலையோரச் செர்ரி மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கிரேன் ஓட்டும் குரோகி அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மொரிவாகி தோஜியின் சின்ன லாரி வந்தது. தோஜிக்கு எழுபத்து மூன்று வயது. ஊரில் ஒன்பது பேர் சேர்ந்து மலைவேலைக் குழு ஒன்று வைத்திருந்தார்கள், அதில் அவர் மூத்தவர். தங்கள் சரிவுகளைத் தாங்களே வெட்டிக் கொண்டுவருகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாகாண மரச் சங்கம் பர்மிட் கொடுத்திருந்தது. நான் எழுதித் தருவது உண்மை என்று, கையெழுத்துக்குப் பதிலாக அதில் ஒவ்வொருவரும் தன் பெயர் முத்திரையைப் போட்டிருப்பார்கள். பர்மிட் இல்லாதவர் கிடங்கில் ஒரு குச்சியைக்கூட இறக்க முடியாது. குழு பொய் எழுதியது என்று ஆகிவிட்டால் ஒன்பது பர்மிட்டும் போய்விடும்.

"என்ன கினு-சான், இன்னிக்கு மோந்து பாக்கலியா?" என்றார் தோஜி.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பச்சைச் சீட்டுக்கான தாளோடு வந்த கட்டைகளில் பதினோரு அடிக்கட்டைகள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. முதல் இருபது வருட வளையங்கள் விரல் அகலத்துக்கு இருந்தன. நல்ல எருப்போட்ட மண்ணில் தனியாக வளர்ந்த மரம். ஒன்றின் வேரடியில் ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டினாள். செம்பழுப்பு மெருகு பூசிய கூரை ஓட்டின் துண்டு. மரம் அதை விழுங்கி வளர்ந்திருந்தது.

"மொரிவாகி-சான், இது எந்த மலை?"

"தாள்ல இருக்கே. பன்னிரண்டாம் நம்பர் சரிவு."

"மேலயா, கீழயா?"

"மேலதான். மலைன்னா மேலதானே இருக்கும்?"

வழக்கமாக ஒரு டப்பா காப்பி வாங்கிக் குடித்து, குரோகியிடம் பேஸ்பால் பேசி, அரைமணி நேரம் கழித்துப் போகிற மனிதர், அன்றைக்கு எடைச்சீட்டைக்கூடச் சரியாக மடிக்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டார். காட்டுச் சரிவில் கூரை ஓடு எப்படி வந்தது? இவர் ஏன் ஓடினார்? கினுயோவுக்கு அரிப்பு எடுத்துவிட்டது. சந்தேகம் வந்த கட்டையைத் தனியே ஒதுக்கி, மூன்று நாளுக்குள் மரச் சங்கத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. அவள் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டாள்.

"இன்ஸ்பெக்டரம்மா, சும்மா கெடந்த சங்க ஊதிட்டீங்க" என்றார் குரோகி. "பெருசுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேனே. சொல்லல."

"நீங்க கேட்டது கேள்வியில்ல, வெசாரண."

வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து பதில் வந்தது, புதன்கிழமை அதிகாரி வருகிறார் என்று. அதற்குள் தானே பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கினுயோ மலை ஏறினாள். இடுப்பில் கரடி விலகிப்போகக் கட்டும் மணி, பையில் இரண்டு சோற்று உருண்டை. முக்கால் மணி நேர ஏற்றம். பன்னிரண்டாம் நம்பர் சரிவின் தலையில் தரை திடீரென்று சமமானது. புதிதாக வெட்டிய பதினோரு அடிமரங்கள் மஞ்சளாக நின்றன. அவற்றின் நடுவே தூண் தாங்கும் கற்கள், கட்டம் கட்டமாக வரிசையில் கிடந்தன. ஓட்டுச் சில்லுகள், ஒரு கல் தொட்டி. இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. கற்களைத் தவிர இப்போது எதுவும் இல்லை.

அதோடு நின்றிருந்தால் அவள் மர்மம் அவிழ்ந்தது என்று இறங்கியிருப்பாள். ஆனால் பாதை வந்து சேருகிற இடத்தில், வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு புதுக் கம்பத்தில் தபால் பெட்டி இருந்தது. துரு இல்லாத தகரம். மொரிவாகி என்று பெயிண்டில் எழுதியிருந்தது, போன வருடத்துப் பெயிண்ட் என்று கூடச் சொல்லலாம். இல்லாத வீட்டுக்கு எதற்குத் தபால் பெட்டி? அடுத்தவர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். திறந்தாள். உள்ளே தபால் எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கீழ் ஊரில் தோஜி இப்போது இருக்கும் வீட்டின் முகவரி, தொலைபேசி எண். அதற்குக் கீழே, "எந்த நேரம் என்றாலும் கூப்பிடு. தோஜி."

கினுயோ சோற்று உருண்டையைப் பிரிக்காமலேயே இறங்கினாள். நேரே தோஜி வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, காயப்போடுவதற்காகத் துவர்ப்புச் சீமைப்பனிச்சைப் பழங்களைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். அவள் காலணியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"போயிட்டு வந்துட்டே."

"பெட்டியயும் தெறந்துட்டேன். மன்னிக்கணும்."

"நீ தெறக்காம வந்திருந்தாத்தான் எனக்கு ஆச்சரியம்." ஒரு கத்தியை அவள் பக்கம் தள்ளினார். "சும்மா ஒக்காராதே. சீவிக்கிட்டே கேளு."

கேட்டாள். யாருக்காக அந்தப் பெட்டி?

"அண்ணன் செய்கிச்சி. என்ன விட நாலு வயசு பெரியவன். அப்பாவோட சண்ட போட்டுட்டு ஒசாகாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வருஷத்துக்கு ஒரு கார்டு வரும். கடைசிக் கார்டு வந்து அம்பது வருஷம் ஆச்சு. பனி உருகினதும் வர்றேன்னு எழுதியிருந்தான். எந்த வருஷத்துப் பனின்னு எழுதல."

"அவரு முகவரி?"

"போட மாட்டான். ஒரு எடத்துல இருந்தாத்தானே? அவனுக்குத் தெரிஞ்ச முகவரி மேல இருக்கற அது ஒண்ணுதான். ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க கீழ எறங்கிட்டோம். அப்பா கோவக்காரர். வீட்டப் பிரிச்சு, இனி எவனும் இங்க வரக்கூடாதுன்னு சமையக்கட்டுலயே தேவதாரு நட்டார். நட்டவரு வீடு இடிச்ச விஷயத்தப் பதிவாபீஸ்ல சொல்லல. அதனால அவங்க கணக்குல வீடு இன்னும் நிக்குது, முகவரி நம்பரோட."

"நீங்களாவது எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா நம்பர அழிச்சிருவாங்க. இப்ப அந்த நம்பருக்குக் கார்டு வந்தா தபால்காரர் நேரா இங்க கொண்டாந்து குடுப்பார். அழிச்சிட்டா, அப்படி ஒரு எடமே இல்லன்னு முத்திர குத்தித் திருப்பி அனுப்பிருவாங்க. எங்க திருப்பி அனுப்புவாங்க? அனுப்பினவன் முகவரிதான் இருக்காதே." பழத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "நகராட்சியிலேர்ந்து காலி வீட்டுக் கணக்கெடுப்புன்னு ஒரு கார்டு வரும். வீட்ட என்ன செய்யப் போறீங்கன்னு கேப்பாங்க. குடும்பத்தார் திரும்பி வர்றாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதுல டிக் போட்டு அனுப்பறேன்."

"மேல இருந்த அந்த ஊர் ஞாபகமா இருக்குமில்ல?"

"ஊரா அது? ஆறு மாசம் பனி, மிச்ச ஆறு மாசம் அட்டப்பூச்சி. ஊருக்கு ஒண்ணும் நான் அழல. அண்ணன் வந்தா வழி தெரியணும். மரம் வளந்து பாதையே இருட்டா ஆயிருச்சு, அதான் வெட்டினேன். சுத்தி எல்லாம் என் காடுதான், எல்லாம் ஒரே நம்பர்னு நெனச்சேன். அந்த வீட்டு மண்ணுக்கு மட்டும் தனிக் கணக்கு இருக்கும்னு எவன் கண்டான்? நீ ஓட்டச் சொரண்டினதும், வீடு இடிஞ்ச விஷயம் வெளிய வந்துருமேன்னுதான் அன்னிக்கு ஓடினேன்."

கினுயோவின் கையிலிருந்த பழத்தில் தோலோடு பாதிச் சதையும் போயிருந்தது. தன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்து, இதே முற்றத்துக்கு வந்து கேட்டிருந்தால் தாளில் ஒரு வரியைத் திருத்தி எல்லாவற்றையும் முடித்திருக்கலாம்.

"நீ எழுதி அனுப்பினதத் திருப்பி வாங்க முடியுமா?"

"முடியாது."

"சரி விடு. பழத்த வீணாக்காதே."

புதன்கிழமை மரச் சங்க அதிகாரி நெமோதோ வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை. ஒரு கிழவரின் பர்மிட்டைப் பிடுங்கி அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கிடங்கு அறையில் வரைபடத்தை விரித்துப் போட்டுச் சந்தோஷமாகவே ஆரம்பித்தார்.

"மொரிவாகி-சான், இதுல பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. பதிவேட்டுல அந்தத் துண்டு நெலம் வீடுன்னு இருக்கு. ஆனா வீடு இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. வீடு இல்ல, இடிஞ்சு போச்சுன்னு ஒரு வரி எழுதி முத்திர வைங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். பதிவேட்டத் திருத்திருவாங்க, நெலம் காடாயிரும், மரம் பச்சதான். ஒங்க பர்மிட்டும் பத்திரம், மத்தவங்க பர்மிட்டும் பத்திரம்."

தோஜி தாளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"வீடு இருக்கு" என்றார்.

"இருக்கா? அம்பது வருஷ மரம் வளந்த எடத்துலயா?"

"இருக்கு."

நெமோதோவின் முகம் மாறியது. "அப்படின்னா வீட்டு நெலத்து மரத்தக் காட்டு மரம்னு எழுதியிருக்கீங்க. அது பொய் வாக்குமூலம். தெரியாம எழுதினதுன்னா நான் நேர்ல போய் எடத்தப் பாக்கணும். நான் என்ன செய்யட்டும்?"

"போக வேண்டாம். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"குழுவுக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் மட்டும்."

"ஒங்க பர்மிட் ரெண்டு வருஷத்துக்குப் போயிரும். ஒங்க வயசுக்கு..." என்று ஆரம்பித்த நெமோதோ பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்தக் கிழவர் எதற்காகத் தானே வலிய வந்து பள்ளத்தில் விழுகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. காப்பாற்ற வழி தேடுகிறவர்போல அறையைச் சுற்றிப் பார்த்தார். கினுயோ கண்ணில் பட்டாள்.

"மினாமிதே-சான், நீங்க ஞாயித்துக்கெழம மலைக்குப் போனதா கிரேன்காரர் சொன்னார். ஒங்க கண்ண எங்க சங்கத்துல எல்லாரும் நம்புவாங்க. நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன். அங்க வீடு இருக்கா, இல்லியா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது உண்மையும்கூட. ஏழு வருடமாக இந்தக் கிடங்கில் உண்மையைத் தவிர அவள் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. தோஜியின் பர்மிட் தப்பும். எழுபத்து மூன்று வயதில் மலையில் மரம் அறுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், இரண்டு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. ஊதிய சங்கை அவளே இறக்கி வைத்ததாகவும் ஆகும். தோஜி அவளைப் பார்க்கவில்லை. முழங்காலிலிருந்த தொப்பியின் விளிம்பை விரலால் அழுத்தி நேராக்கிக்கொண்டிருந்தார்.

"நான் மரம் பாக்கப் போனேன்" என்றாள் கினுயோ. "வாசல் வரைக்கும்தான் போனேன். உள்ள போகல."

"நீங்களா? உள்ள போகாம வந்தீங்களா?"

"அடுத்தவங்க வீடு. கூப்பிடாம எப்படிப் போறது?"

வெளியே கிரேன் நின்றுபோயிருந்தது. குரோகி ஜன்னலோரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். கினுயோ ஒரு வீட்டு வாசலோடு திரும்பி வந்தாள் என்பதை அந்த ஊரில் எவரும் நம்பமாட்டார்கள், அவரும் நம்பவில்லை. ஆனால் அவர் காட்டிக்கொடுக்காமல் திரும்பிப் போய்க் கிரேனைக் கிளப்பினார்.

நெமோதோ பெருமூச்சு விட்டு இன்னொரு தாளை எடுத்தார். தோஜி சட்டைப்பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து, வாயருகே கொண்டுபோய் ஊதி, சிவப்பு மையில் ஒற்றி, பொய் சொன்னேன் என்று எழுதிய வரியின் கீழே நிதானமாக வைத்தார். நேராக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து இருவருக்கும் தலை குனிந்தார். கினுயோவுக்குச் சற்று அதிகமாகவே குனிந்தார்.

அவர் போன பிறகு மஞ்சள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனாள். ஐம்பது வருடமாகக் காடாகிவிட்ட மண்ணில் வளர்ந்த பதினோரு கட்டைகள் அங்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் வீட்டு நிலத்து மரம் என்று சீட்டு அடித்தாள். பதிவேட்டுக்கு அது சரிதான். ஆனால் தன் கண்ணுக்குத் தெரிந்தே அவள் தப்பான சீட்டு அடித்தது அந்த ஒரு நாள்தான்.